மைக்கில் நான் சொன்னது

ஆவணி 9, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் இளமதிக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆக்லாந்தில் நீயும் மாப்பிள்ளை கோபிநாத்தும் பேரன் கார்முகிலும் நோய்நொடி இல்லாமல் இருக்க நம் மாரியம்மன் துணையிருப்பாள். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித்தான் என் கைக்குப் பழக்கம், இந்தத் தடவை அந்த வரியை எழுதப் போய்ப் பேனா நின்றுவிட்டது. அம்மா எழுந்து உட்காருகிறாள், பேசுகிறாள், புண் காய்ந்துகொண்டு வருகிறது என்று கட்டு மாற்ற வரும் நர்ஸ் சொல்கிறது. சிவலைப் பசு கிடேரி ஈன்றிருக்கிறது, ஆடியில் விதைத்த கடலை மழை இல்லாமல் வாடுகிறது, நான் இருக்கிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷனுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இது போனில் சொல்கிற விஷயம் இல்லை ஆத்தா. நீ எப்போது கூப்பிட்டாலும் போன் உன் அம்மா கையில் இருக்கும், ஸ்பீக்கரில் இருக்கும், நான் பாதி சொல்வதற்குள் அவள் குறுக்கே பேசி வேறு பக்கம் திருப்பிவிடுவாள், நானும் அதுதான் சாக்கு என்று மழை, மாடு என்று தாவிவிடுவேன். பேப்பரில் எழுதினால் தாவ முடியாது.

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவைத் திட்டினாய். நீ திட்டியது தப்பு என்று நான் சொல்லவில்லை, பெற்றவளுக்குக் கால்விரல் இரண்டு போய்விட்டது என்றால் தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு வேறு என்ன செய்யத் தோன்றும். படித்துப் படித்துச் சொன்னேன், வருஷத்துக்கு ஒரு தடவை சுகர் டெஸ்ட் பண்ணிக்கோ என்று, உனக்கு உன் உடம்பு மேல் அக்கறையே கிடையாது, இப்போது இங்கிட்டிருந்து நான் என்ன செய்ய முடியும் என்று நீ கேட்டாய். அதற்கு அம்மா, ஆமாத்தா நாந்தான் அசால்ட்டா இருந்துட்டேன் என்று சொன்னாள். அப்போது நான் எங்கே இருந்தேன் தெரியுமா, அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கட்டுப் போட்ட காலுக்குக் கீழே தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அவள் அதைச் சொல்லும்போது என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போகிற மாதிரி வெளியே போய்விட்டேன். மாட்டுக்கு அதற்கு முன்னாலேயே தண்ணீர் வைத்தாகிவிட்டது. நீ திட்டியிருக்க வேண்டியது என்னைத்தான். ஏன் என்று சொல்கிறேன், கடைசி வரை படி.

பங்குனியில் நம் ஊர்த் திருவிழாச் சமயத்தில் சர்க்கரை முகாம் நடந்தது உனக்கு நினைவிருக்கும், நான் மாலை போட்டுக்கொண்டு நிற்கிற போட்டோ அனுப்பியிருந்தேன். திருச்சியிலிருந்து ஒரு மருத்துவக் குழு புது மிஷின் ஒன்றைக் கொண்டு ஊர் ஊராகச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று குளத்தூர் தாலுகா ஆபீசில் கேள்விப்பட்டு, நானே இரண்டு தடவை போய்ப் பேசி அழைத்து வந்தேன். அந்த மிஷினுக்கு ரத்தம் வேண்டாம், வெறும் வயிறு வேண்டாம். முழங்கைக்குக் கீழே கையின் உள்பக்கத்தை ஒரு கண்ணாடி மேல் வைத்தால் ஊதா வெளிச்சம் ஒன்று தோலில் அடிக்கும். பல வருஷமாகச் சர்க்கரை கூடியிருந்தால் அதன் கசடு தோலில் தங்கியிருக்குமாம், அது அந்த வெளிச்சத்தில் மினுங்குமாம், எவ்வளவு மினுங்குகிறது என்று பார்த்துப் பச்சை அல்லது சிவப்பு என்று காட்டிவிடும். சிவப்பு வந்தால் நோய் என்று அர்த்தம் இல்லை, போய் ரத்தம் கொடுத்துப் பார் என்று அர்த்தம், அவ்வளவுதான். நம் ஊரில் காப்புக் கட்டிவிட்டால் பெண்கள் உடம்பில் ஊசி படவிட மாட்டார்கள், ஒரு சொட்டு ரத்தம் சிந்தக் கூடாது என்பார்கள் என்று உனக்கே தெரியும். இந்த மிஷினுக்குத்தான் ஊசியே கிடையாதே, காப்புக் கட்டினால் ஊரை விட்டு யாரும் வெளியில் போய்த் தங்க மாட்டார்கள், ஆள் மொத்தமும் ஊரில் கிடைக்கும், அதுதான் தோதான சமயம் என்று நாள் குறித்துக் கொடுத்தவன் நான். பால் சொசைட்டி செகரட்டரி மூளையே மூளை என்று அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கோயில் பந்தலிலேயே மேஜை போட்டார்கள். முதலில் ஆண்களுக்குப் பார்த்தார்கள், எனக்குப் பச்சை வந்தது, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு பெண்கள் வந்தார்கள். விரதம் இருக்கிறவர்கள் எப்படி வருவார்கள், விடியக்காலையில் மஞ்சள் அரைத்துப் பூசிக் குளித்து, கை கால் முகமெல்லாம் மஞ்சள் துலங்கத்தான் வந்தார்கள், உன் அம்மாவும் அப்படித்தான் வந்தாள். கையை வைத்தவள் எல்லாம் சிவப்பு. ஒன்று, இரண்டு, பத்து என்று வரிசையாகச் சிவப்பு. கல்யாணம் பேசி முடித்திருந்த ஒரு பெண்ணுக்கும் சிவப்பு வர, அதன் தாய் பந்தலிலேயே மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கீழத்தெருக் கண்ணாத்தாள், நம் சொசைட்டியில் இரண்டு வேளையும் பால் ஊற்றுகிறவள், அவள் வாய்தான் உனக்குத் தெரியுமே, செகரட்டரி திருச்சியிலேருந்து சக்கரையை வேன்ல ஏத்திக்கிட்டு வந்து நம்மூருல எறக்கிட்டாரு என்று சொல்ல ஊரே சிரித்தது. பொம்பளைக்கு மட்டும் நோவு காட்டுற மிஷினு என்று டீக்கடைப் பக்கம் நின்ற ஆண்கள் ஒரு பக்கம் கேலி. எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது.

மிஷினைப் பார்த்துக்கொண்ட பெண் இந்துமதி என்று பெயர், உன்னைவிட நாலைந்து வயது சின்னதாக இருக்கும், கெட்டிக்காரப் பிள்ளை. அதற்கு ஏதோ சந்தேகம் தட்டி, ஒரு பெண்ணின் கையை வெள்ளைத் துணியால் துடைத்து அந்தத் துணியை மட்டும் கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தது. துணிக்கும் சிவப்பு. உடனே என்னைத் தனியாகக் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னது. அது சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. "ஐயா, மஞ்சளும் இந்த வெளிச்சத்துல மினுங்குது, அதனால இவங்க ரிசல்ட் எதுவும் செல்லாது. சக்கரை இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. காப்பு அவுத்ததும் ஒருத்தர் விடாம ரத்தம் டெஸ்ட் பண்ணிக்கச் சொல்லிருங்க, நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க." நானும் தலையை ஆட்டினேன். திருவிழாவுக்குக் கட்டியிருந்த மைக் பக்கத்தில்தான் இருந்தது, பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு அதை வாங்கினேன். "தாய்மார்களே, இது மஞ்சளால வந்த செவப்பு. யாருக்கும் ஒண்ணுமில்ல, நிம்மதியா வீட்டுக்குப் போங்க" என்றேன். பெண்கள் குலவை போட்டார்கள். மாரில் அடித்துக்கொண்ட தாய் என் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். இந்துமதி கிட்டே வந்து, ஐயா நான் அப்படிச் சொல்லலையே என்றது. நான் பார்த்துக்கொள்கிறேன் போம்மா என்று சொல்லி மைக்கைப் பாட்டுப் போடுகிறவனிடம் கொடுத்துவிட்டேன்.

தெரியாது என்று அந்தப் பிள்ளை சொன்னதை இல்லை என்று நான் மாற்றிவிட்டேன் இளமதி. விவரம் இல்லாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கவும் எனக்கு வழி இல்லை. முப்பது வருஷமாகத் தினம் இரண்டு வேளை மிஷினில் பாலைச் சோதிக்கிறவன் நான். மாதிரி எடுத்த பால் திரிந்துபோயிருந்தால் மிஷின் தாறுமாறாகக் காட்டும். அப்போது பால் நல்ல பால்தான் என்று எழுதிக்கொண்டு கேனில் ஊற்றிவிடுவேனா, உன் கேனைக் கலக்கிவிட்டு இன்னொரு மாதிரி எடு என்பேன், எத்தனை பேரை அப்படித் திரும்ப நிற்க வைத்திருக்கிறேன். பாலுக்குத் தெரிந்த நியாயம் பெண்டுகளுக்கு என்று வரும்போது எனக்கு மறந்துவிட்டது. ஊர் சிரித்துவிட்டது, நான் கொண்டுவந்த முகாம் நாறிவிட்டது, எப்படியாவது அந்த நிமிஷம் என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும், அது ஒன்றுதான் எனக்குத் தோன்றியது.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. காப்பு அவிழ்த்த மறுவாரம் சுகாதார நர்ஸ் ரஞ்சிதா ஒரு பட்டியலோடு வீட்டுக்கு வந்தது. திருச்சிக்காரர்கள் பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுக்க எல்லோரையும் வரச் சொல்லுங்கள் என்றது. ஆறிப்போன விஷயத்தை ஏம்மா கிளறுகிறாய் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சித்திரையில் மறுபடி வந்தது, அப்போதும் அதே பதில்தான். அந்தச் சமயத்தில் அம்மா ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்து செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பாள், வெயில் காலம் என்று நினைத்தேன். கால் மரத்துப்போகிறது என்பாள், வேலை அசதி என்பேன். ரஞ்சிதா இரண்டாம் தடவை வந்துவிட்டுப் போன அன்று தவிடு பிசைந்துகொண்டிருந்தவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஏங்க, நா மட்டும் ஒரு எட்டு கீரனூர் போயி ரத்தம் குடுத்துட்டு வந்துரட்டா என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா. "செகரட்டரி பொண்டாட்டியே ரத்தம் குடுக்கப் போனா, மைக்குல நான் சொன்னதுக்கு என்னடி மருவாதி" என்றேன். அவள் சரிங்க என்றாள். திரும்பிப் போய்த் தவிட்டைப் பிசைந்தாள்.

பிறகு நடந்தது உனக்குப் பாதி தெரியும். ஆனிக் கடைசியில் வாய்க்கால் ஓரம் புல் அறுக்கப் போனவளுக்குக் கருவேல முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு வலது காலில் ஏறியிருக்கிறது. முள் குத்தினால் குழந்தைக்கும் தெரியும், அவளுக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் சிமெண்டுத் தரையில் அவள் நடந்த இடமெல்லாம் ஈரத் தடம் இருந்ததைப் பார்த்துத்தான் காலைத் தூக்கச் சொன்னேன். அப்போதும் மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டாள், போதாத காலம். விரல் கறுத்துக் காய்ச்சல் வந்த பிறகுதான் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனேன். சர்க்கரை நானூற்றுப் பன்னிரண்டு. எத்தனை வருஷமாகச் சுகர் என்று டாக்டர் கேட்டார், சுகரே கிடையாதுங்க என்றேன். இது நாலைந்து வருஷமாவது உள்ளே இருந்திருக்கும், ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையா, தெரிந்திருந்தால் காலைப் பத்திரமாக வைத்திருப்பீர்களே, முள் குத்தின அன்றே ஓடி வந்திருப்பீர்களே என்றார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். இல்லைங்க டாக்டரு, பாக்கச் சொன்னாக, நாந்தான் போகல என்று அவளே சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து டாக்டரிடம், நர்ஸிடம், பார்க்க வருகிற சொந்தக்காரர்களிடம், உன்னிடம், எல்லோரிடமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பெருவிரலையும் அடுத்த விரலையும் எடுக்க வேண்டும் என்றார்கள். வீங்கின விரலில் மெட்டி கழலவில்லை, நறுக்கி எடுத்துப் பஞ்சில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். கல்யாணத்தன்று நான் குனிந்து போட்டுவிட்ட மெட்டி. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதேன் ஆத்தா, என் அம்மா செத்தபோதுகூட அப்படி அழவில்லை.

ஊருக்குத் திரும்பி வந்த மறுநாள் காலையில் சொசைட்டிக்குப் போனேன். பால் ஊற்ற வந்தவர்களை எல்லாம் நிற்கச் சொல்லி, இந்துமதி அன்றைக்கு என்ன சொன்னது, நான் மைக்கில் என்ன சொன்னேன், இரண்டையும் சொன்னேன். உன் அம்மா மீனம்மாள் போகிறேன் என்று கேட்டதையும் நான் தடுத்ததையும் சொன்னேன். மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் பேசினேன். கண்ணாத்தாள்தான் கடைசியில் சொன்னாள், "ஒங்க வீட்டுக்குள்ள வந்தப்பறந்தான் ஒங்களுக்கு வாயி தொறந்துச்சா" என்று. ஆமாம் என்றேன். அதன் பிறகு ரஞ்சிதாவின் பட்டியலை வாங்கிக்கொண்டு நானே வீடு வீடாகப் போனேன். இதுவரைக்கும் பத்தொன்பது பேர் ரத்தம் கொடுத்திருக்கிறார்கள், அந்தக் கல்யாணப் பெண்ணுக்கு ஒன்றும் இல்லை, நாலு பேருக்குச் சர்க்கரை இருக்கிறது. கண்ணாத்தாளுக்கும் இருக்கிறது. இப்போதும் இரண்டு வேளையும் வந்து பால் ஊற்றுகிறாள், ஆனால் என்னைக் கேலி பேசுவதை விட்டுவிட்டாள், சீட்டை வாங்கிக்கொண்டு பேசாமல் போகிறாள். அவள் பழையபடி நாலு பேர் முன்னால் என்னை நறுக்கென்று ஏதாவது சொல்ல மாட்டாளா என்று இருக்கிறது. இன்னும் பன்னிரண்டு பேர் வரவில்லை, சிலர் கதவையே திறக்கவில்லை, நாளைக்கும் போவேன். இந்துமதியின் நம்பரைத் தேடிப் பிடித்து அதனிடமும் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பிள்ளை, அம்மா எப்படி இருக்காங்க ஐயா என்றுதான் முதலில் கேட்டது. இப்போதெல்லாம் எந்த ஊருக்குப் போனாலும் மஞ்சள் பூசியிருந்தால் மிஷினில் கை வைக்க விடுவதில்லையாம், வேறு நாள் வரச் சொல்கிறார்களாம்.

அம்மாவுக்கு இன்சுலின் ஊசி இப்போது நான்தான் போடுகிறேன். முதல் நாள் என் கை நடுங்கியதைப் பார்த்து, பாலுல தண்ணி கலந்தவுகளப் புடிக்கிறப்ப நடுங்காத கை இப்ப என்னத்துக்கு நடுங்குது என்று கேட்டாள். ராத்திரிக்குச் சோறு கிடையாது, கேப்பைக் களியும் கீரையும்தான், முகத்தைச் சுளித்துக்கொண்டே சாப்பிடுகிறாள். தடி ஊன்றி வாசல் வரைக்கும் நடக்கிறாள், பெருவிரல் இல்லாததால் ஒரு பக்கமாகச் சாய்கிறது, நான் கூடவே நடக்கிறேன். மாட்டு வேலை முழுக்க நான் பார்த்துக்கொள்கிறேன், அதைப் பற்றி நீ கவலைப்படாதே, பதறிப்போய் லீவு போட்டுக்கொண்டு வர வேண்டாம், பேரனுக்குப் பள்ளிக்கூடம் லீவு விடும்போது வந்தால் போதும்.

இந்தக் கடிதத்தை அவளுக்குத் தெரியாமல்தான் எழுத நினைத்தேன், மூன்று நாளாக மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து இங்கே வரைக்கும் யோசித்து வைத்திருந்தேன். இன்றைக்கு எழுதும்போது பிடித்துவிட்டாள், என்ன எழுதுகிறீர்கள், படியுங்கள் என்றாள். முதலிலிருந்து படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள். பிறகு கிழித்துப் போடச் சொன்னாள். "அம்மா கவனமா இல்லைன்னு நெனச்சா புள்ளைக்குக் கோவந்தான் வரும், ரெண்டு நாள்ல போயிரும். அப்பா தடுத்துப்புட்டாருன்னு தெரிஞ்சா அது போகாதுங்க, நெஞ்சுலயே கெடக்கும். அம்புட்டுத் தொலைவுல ஒத்தையில கெடக்குற புள்ளைக்கு அது எதுக்கு" என்றாள். அவள் சொல்வது சரிதான் என்று எனக்கும் தெரிகிறது. ஆனாலும் கிழிக்க மனம் வரவில்லை. இல்லாத தப்புக்கு உன் முன்னால் அவள் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதை ஞாயிற்றுக்கிழமைதோறும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. உன் நெஞ்சில் கிடந்தால் கிடக்கட்டும் ஆத்தா. என் மேல் உனக்கு இருந்த மரியாதை குறைந்தால் குறையட்டும், அது எனக்குச் சேர வேண்டியதுதான்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், இதைத் தட்டாதே. கார்முகில் வயிற்றில் இருந்தபோது உனக்குச் சர்க்கரை கூடியிருந்தது, வருஷா வருஷம் பார்த்துக்கொள்ள அங்கே டாக்டர் சொன்னார் என்று நீதான் சொன்னாய், இரண்டு வருஷமாக நேரமில்லை என்றும் நீதான் சொன்னாய். அம்மாவைக் கேட்ட கேள்வியை உன்னையும் கேட்டுக்கொள். இந்த வாரமே போய் ரத்தம் கொடு. மேலாகப் பார்த்து ஒன்றும் இல்லை என்று யார் சொன்னாலும், நானே சொன்னாலும், அதை நம்பிக்கொண்டு வீட்டில் இருக்காதே. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ. ரிசல்ட் வந்ததும் அம்மாவிடம் சொல், அவள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வயது நல்லபடியாக வாழ வேண்டும், பேரனுக்கு என் முத்தம், குளிரில் காதை மூடாமல் அனுப்பாதே. நாளைக்குக் கீரனூர் தபால் ஆபீசில் சேர்த்துவிடுவேன், வந்து சேரப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். கவரை ஒட்டப் போனேன், அம்மா கட்டிலிலிருந்து கையை நீட்டித் தடுத்து, இன்னும் ஒரு வரி எழுதச் சொல்கிறாள். அப்பாவைத் திட்டாதே என்று எழுத வேண்டுமாம். அவள் சொன்னதற்காக எழுதியிருக்கிறேன், நான் அப்படிக் கேட்கவில்லை.

உன் அப்பா,
அய்யாக்கண்ணு